ஆயில் ஃபில்டர் மாத்தப் போய் நான் கத்துக்கிட்ட ஒரு கேள்வி

1. ரெண்டு மாசம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை. நைட் டூட்டி முடிச்சு வந்து தூங்கி எழுந்து, சைதாப்பேட்டையில எங்க வீட்டு வாசல்லயே என் பழைய காருக்கு ஆயிலும் ஃபில்டரும் மாத்தினேன். எப்படி மாத்துறதுன்னு சொல்றேன். ஆனா இந்த த்ரெட் அதுக்காக மட்டும் இல்ல. டாக்டரா நான் பண்ணின ஒரு தப்பும் இதுல இருக்கு.

2. இன்ஜினுக்குள்ள உரசுற பாகங்களுக்கு நடுவுல ஆயில் மெல்லிசா ஒரு படலமா ஓடும். உலோகத் துகள், கரி எல்லாத்தையும் சுமந்துட்டு வரும். ஃபில்டருக்குள்ள மடிப்பு மடிப்பா இருக்கிற பேப்பர் அதைப் பிடிச்சு வைக்கும். "வண்டியோட கிட்னி"ன்னு சொல்வாங்க. ஒரு வித்தியாசம்: கிட்னி கழிவை வெளிய அனுப்பிடும். ஃபில்டர் தனக்குள்ளயே சேர்த்து வைக்கும். அதனாலதான் மாத்தணும்.

3. மாத்தலைன்னா? ஃபில்டர் அடைச்சுக்கிட்டா பெரும்பாலான வண்டிகள்ல ஒரு வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலையே இன்ஜினுக்கு அனுப்பும். வண்டி ஓடும். உள்ள தேய்ஞ்சுக்கிட்டே ஓடும். பிபி மாத்திரையை நிறுத்திட்டு "எனக்கு ஒண்ணும் பண்ணல டாக்டர்"னு சொல்றவங்க மாதிரி.

4. ஜி.பி. ரோட்டுல ஃபில்டர், ட்ரெயின் போல்ட்டுக்குப் புது வாஷர், மேனுவல்ல போட்டிருக்கிற கிரேடு ஆயில் வாங்கிட்டு வந்தேன். வண்டி சமதரையில நிக்கணும். சில நிமிஷம் ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பானதும் இன்ஜினை ஆஃப் பண்ணணும். கொதிக்கிற சூட்டுல போல்ட்டைத் திறந்தா கை வெந்துடும்.

5. இது முக்கியம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில போகாதீங்க. ஜாக்கி தூக்குறதுக்கு, தாங்குறதுக்கு ஸ்டாண்டு வேணும். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைங்க. கேஷுவாலிட்டியில வேலை பார்க்கிறவனா சொல்றேன்: வண்டிக்கு அடியில நெஞ்சு நசுங்கி வர்றவங்களுக்கு எங்களால செய்ய முடியிறது ரொம்பக் கம்மி.

6. போல்ட்டைக் கழட்டி பழைய ஆயிலை டப்புல வடிய விட்டேன். அடுத்து ஃபில்டர். கையில ரப்பர் சர்ஜிக்கல் கிளவுஸ். பத்து நிமிஷத்துல ஆயில் பட்டு ஊறிப்போய் ரெண்டு விரல்ல கிழிஞ்சிருச்சு. ஃபில்டரும் அசையல.

7. அப்பத்தான் தெருமுனை மெக்கானிக் அண்ணன் வந்தார். முப்பது வருஷமா இதே தொழில். "இன்னா டாக்டரே, ஆப்ரேசனா? தள்ளு"ன்னு உட்கார்ந்து, வெறுங்கையாலயே திருகி எடுத்துட்டார். கறுப்பு ஆயில் முழங்கை வரைக்கும் வழிஞ்சுது.

8. பழைய ரப்பர் வளையம் இன்ஜின்லயே ஒட்டியிருக்கான்னு பார்க்கச் சொன்னார். அதுமேலயே புது ஃபில்டரைப் போட்டா ஆயில் ஒழுகும். புது வளையத்துல கொஞ்சம் புது ஆயில் தடவி, கையால திருகி, வளையம் தொட்டதும் இன்னும் முக்கால் சுத்து. அவ்வளவுதான், ஸ்பேனர் வேணாம். போல்ட்டையும் மாட்டி, புது ஆயில் ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிறுத்தி, கசிவு பார்த்து, கொஞ்ச நேரம் கழிச்சு டிப்ஸ்டிக்ல ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கான்னு பார்க்கணும்.

9. வேலை முடிஞ்சுது. அண்ணன் ஒரு அழுக்குத் துணியில கையைத் துடைச்சு, அதைப் பேன்ட் பாக்கெட்டுல சொருகினார். வலது பாக்கெட். எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டுச்சு.

10. ஏன்னா அவர் அந்த வருஷம் மூணு தடவை என் ஓபிக்கு வந்திருந்தார். தொடையில சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி, சீழ்க்கட்டி. சுகர் பார்த்தேன், நார்மல். ஆன்டிபயாடிக் கொடுத்தேன். கொஞ்சம் குறையும், திரும்ப வரும். வலது தொடையிலதான் அதிகம்னு சீட்டுல என் கையாலேயே எழுதியிருக்கேன். ஏன் வலதுன்னு யோசிக்கல.

11. அவர் மெக்கானிக்னு எனக்குத் தெரியாதா? தினம் அவர் கடையைத் தாண்டித்தான் போறேன். ஆனா ஓபியில அந்த நாற்காலியில உட்கார்ந்ததும் அவர் எனக்கு "ஆண், 52, தொடையில கட்டி" ஆயிட்டார்.

12. அதுக்குப் பேர் ஆயில் ஆக்னி. எண்ணெய் மயிர்க்கால்களை அடைச்சு வர்றது. கையில மட்டும் இல்ல, எண்ணெய் ஊறின துணி படுற தொடையிலயும் வரும். மாத்திரை கட்டியைக் குறைக்கும். பாக்கெட்டுல துணி இருக்கிற வரைக்கும் கட்டி திரும்ப வரும்.

13. கட்டியோட போனா பரவாயில்ல. இன்ஜின் சூட்டுல ஓடி ஓடி, பழைய ஆயில்ல புற்றுநோய் உண்டாக்கக்கூடிய வேதிப்பொருட்கள் சேருது. 1775லயே லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட், புகைபோக்கி சுத்தம் பண்றவங்களுக்கு விதைப்பையில புற்றுநோய் வர்றதுக்குக் கரியைக் காரணமா சொன்னார். 20ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துல இங்கிலாந்தோட லங்காஷயர் நூற்பாலைத் தொழிலாளர்களுக்கும் அதே இடத்துல வந்துச்சு. காரணம், உடுப்புல தெறிச்ச மெஷின் எண்ணெய்.

14. பயமுறுத்தல. வருஷத்துக்கு ரெண்டு தடவை நம்ம வண்டிக்கு ஆயில் மாத்துறதால ஒண்ணும் ஆகிடாது. தினமும், வருஷக்கணக்கா தோல்ல படுறதுதான் பிரச்சினை.

15. அண்ணன்கிட்ட சொன்னது இவ்வளவுதான். துணி பாக்கெட்டுல வேணாம், ஆணியில மாட்டுங்க. நைட்ரைல் கிளவுஸ் போடுங்க, அது ஆயிலைத் தாங்கும். பெட்ரோல், மண்ணெண்ணெய்ல கை கழுவாதீங்க, தோல் வறண்டு வெடிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்ச்சுத் துடைச்சுட்டு சோப்பு போடுங்க. ஆயில் ஊறின பேன்ட்டை மறுநாள் போடாதீங்க.

16. கிளவுஸ் அவருக்குப் பிடிக்கல. "போல்ட்டு கைக்குத் தெரியணும் டாக்டரே"ன்னார். நியாயம்தான். ஆயில் வேலைக்கு மட்டும் போடுறார். துணி இப்போ ஆணியில தொங்குது. ஆறு வாரம் கழிச்சுப் பார்த்தேன், புதுக் கட்டி இல்ல.

17. பழைய ஆயிலை மூடி போட்ட கேன்ல ஊத்தி அவர்கிட்டயே கொடுத்துட்டேன். அவர் கடை டிரம்மோட சேர்ந்து மறுசுழற்சிக்குப் போகும். சட்டப்படி அது அபாயகரமான கழிவு. தயவுசெஞ்சு மழைநீர் வடிகால்ல ஊத்தாதீங்க. எங்க தெருவுல ஊத்தினா அது நேரா அடையாத்துக்குத்தான் போகும்.

18. இத்தாலி மருத்துவர் ராமசினி 1700ல தொழிலாளர் நோய்கள் பத்தி ஒரு புத்தகம் எழுதினார். நோயாளியைப் பார்க்கும்போது என்ன தொழில்னும் கேளுங்கன்னு மருத்துவர்களுக்குச் சொன்னார். எம்பிபிஎஸ்ல நானும் படிச்சேன். பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன். ஓபியில மறந்துட்டேன்.

19. இப்போ சீட்டுல வயசுக்குப் பக்கத்துல தொழிலையும் எழுதுறேன். கூட்டத்துல நான் கேட்க மறந்தா நீங்களே சொல்லுங்க: "டாக்டர், நான் மெக்கானிக்", "நான் பெயின்டர்", "நான் துணி துவைக்கிறேன்". ஆறாத புண்ணு, மருவு, கட்டி எங்க இருந்தாலும், சொல்லக் கூச்சமா இருக்கிற இடத்துல இருந்தாலும், காட்டுங்க.

20. உங்க தெரு மெக்கானிக்குக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. அடுத்த தடவை வண்டி விடும்போது ஒரு பாக்கெட் நைட்ரைல் கிளவுஸ் வாங்கிக் கொடுங்க.