ஆந்தை மட்டும் நம்மைப் பார்க்கிறது

லக்சர் நகரில், நைலின் மேற்குக் கரையில் ஒரு தேநீர்க் கடை. மூலை மேசையில் மடிக்கணினியோடு இரண்டு மாணவிகள். பக்கத்தில் பழைய நடுகல் ஒன்றின் போட்டோ. கிளாஸ்களில் செக்கச் சிவந்த கர்கடே, அதாவது செம்பருத்தித் தேநீர், ஆறிக்கொண்டிருக்கிறது.

கண்ணாடி போட்டவள் தட்டுகிறாள். எஸ், டபிள்யூ. திரையில் கோரைச்செடி ஒன்று எழுந்து நிற்கிறது. அடுத்து ஒரு சிறுகோடு, டீ, முக்காற்புள்ளி, ஹெச்-டீ-பி. குட்டி ரொட்டி ஒன்று வந்து, படையல் பாயின் தலையில் ஏறி உட்காருகிறது. பிறகு கூம்பு ரொட்டி. ‘மன்னர் அளிக்கும் படையல்’ என்று தொடங்கி, இறந்தவருக்காக ஆயிரம் ரொட்டியும் ஆயிரம் பீரும் வேண்டும் வாசகம் அது. எகிப்தின் நடுகற்களில் திரும்பத் திரும்ப வரும்.

எகிப்தியச் சித்திர எழுத்துகளைத் தட்டச்சிடும் இந்த மென்பொருளின் பெயர் ஜேசெஷ். பிரான்சின் செர்ஜ் ரோஸ்மோர்டுக் எழுதி இலவசமாகக் கொடுத்தது. மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. முக்காற்புள்ளி போட்டால் ஒன்றன் மேல் ஒன்று, நட்சத்திரக்குறி போட்டால் பக்கத்தில் பக்கத்தில். இந்த ஏற்பாடு 1980களில் எகிப்தியலாளர்கள் கூடி வகுத்தது. 2009இல் யூனிகோடு 1,071 சித்திர எழுத்துகளுக்கு இடம் கொடுத்தது, சரி. ஆனால் அவற்றை அடுக்கி உட்காரவைக்கும் குறிகள் 2019இல்தான் வந்தன. அடுக்கத் தெரியாத எழுத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஷிஃப்ட் விசைமேல் கவனம் வேண்டும். சின்ன டி அடித்தால் மனிதக் கை. பெரிய டி அடித்தால் நாகம். அவளுக்கு ஒரு தடவை கை வரவேண்டிய இடத்தில் பாம்பு வந்துவிட்டது. தோழி சிரித்தாள், இவள் சிரிக்கவில்லை.

கல்லில் வரி வலமிருந்து இடமாக ஓடுகிறது. இவள் புத்தக வழக்கப்படி இடமிருந்து அடித்திருக்கிறாள். ஒப்பிட்டுப் பார்க்கத் திசையை மாற்றுகிறாள். அவ்வளவுதான்: உட்கார்ந்த ஆள், காடைக்குஞ்சு, கொம்பு விரியன், எல்லாம் ஒரே நொடியில் மறுபக்கம் திரும்புகின்றன. வரி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் அவை முகம் காட்டும். ஆந்தை மட்டும் உடம்பைத் திருப்பிவிட்டு, முகத்தை நம் பக்கமே வைத்திருக்கிறது. அதை அப்படித்தான் வரைந்திருக்கிறார்கள் அந்தக் காலத்தில்.

ஒரு மூலையில் கல் சிதைந்திருக்கிறது. அதையும் தட்டியாக வேண்டும். எந்தக் கட்டத்தில் எந்தக் கால்பாகம் போயிற்று என்று பார்த்து, அந்த இடத்தில் மட்டும் சாய்கோடுகளை நிரப்புகிறாள். எழுத்து அடிக்கும்போது இல்லாத நிதானம் இதில் இருக்கிறது. போட்டோவைப் பெரிதாக்கி, விரலால் அளந்து, மறுபடி பெரிதாக்கி.

அடுத்த வரியில் ஒரு பறவை. எகிப்தியலாளர் ஆலன் கார்டினர் 1927இல் வெளியிட்ட இலக்கண நூலில் பறவைகளெல்லாம் ‘ஜி’ வரிசை. ஜி 1 பிணந்தின்னிக் கழுகு. ஜி 4 வைரி இனத்துப் பறவை. ஏறக்குறைய அதே உருவம், தலை மட்டும் கொஞ்சம் உருண்டை. படித்துத் தேர்ந்தவர்களே தடுமாறும் ஜோடி.

ஜி 1 என்று அடிக்கிறாள். தோழி குறுக்கே கை நீட்டி, அழித்து, ஜி 4 ஆக்குகிறாள். இவள் மறுபடி மாற்றுகிறாள். இருவரும் ஒரே நேரத்தில் போட்டோவைத் தத்தம் பக்கம் இழுக்கிறார்கள்.