நேற்றைய தடம்

குல்மார்க்கில் அன்று எங்கள் வழிகாட்டி சொன்னது மூன்றே சொல்: "ஆஜ் நஹீன், சாப்." இன்றைக்கு வேண்டாம்.

இரண்டு நாள் கொட்டிய பனி முந்தின நாள் காலையில்தான் ஓய்ந்திருந்தது. அபர்வட் மலையில் கண் கூசும் வெயில். சறுக்குத் தளத்தின் கண்காணிப்பு எல்லைக்குள்ளேயே சறுக்கலாம் என்பது அவர் யோசனை. எனக்கோ மறுநாள் விமானம். கோயம்புத்தூரிலிருந்து இவ்வளவு செலவழித்து வந்தது, எல்லோரும் சறுக்கும் பாதையில் சறுக்கவா? எல்லைக்கு வெளியே இருந்த சரிவில் முந்தின நாள் நாலைந்து பேர் போன தடம் தெரிந்தது. அதைக் காட்டி அவரை மடக்கியது நான்தான். "அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே!" அவர் பேசவில்லை. கூலி கொடுப்பவனிடம் எத்தனை முறைதான் மறுப்பார்?

விஷயம் தெரியாமல் செய்தேன் என்றும் சொல்ல முடியாது. வகுப்புக்குப் போய்ப் படித்திருந்தேன். பனிக்காலத் தொடக்கத்தில் மெல்லிதாகப் பெய்யும் பனிக்கு அடியில் தரை கதகதப்பு, மேலே கடுங்குளிர். நடுவில் ஏறும் நீராவி, அடிப்பனியை அஸ்கா சர்க்கரை போல ஒட்டாத மணிகளாக்கிவிடும். அதன்மேல் புதுப்பனி பலகையாக இறுகும். சர்க்கரை மேல் கடப்பாக்கல் வைத்த மாதிரி. 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவென்றால் கல் நழுவ ஓர் ஆள் எடை போதும். பலகை ஓரிடத்தில் தடிமனாகவும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும். நாலு பேரைத் தாங்கியது ஐந்தாவது ஆளின் காலடியில் உடையலாம்.

பனிச்சரிவு என்றால் நமக்கு நினைவு வருவது 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் சாவடியில் பத்து வீரர்களைப் புதைத்த பனிச்சுவர். அவர்கள் கடமைக்காக அங்கே இருந்தவர்கள். உல்லாசத்துக்குப் போகிறவர்களைப் புதைக்கும் சரிவை, பெரும்பாலும் அந்தக் கூட்டத்தில் ஒருவரேதான் கிளப்பிவிடுகிறார்.

அன்றும் வழக்கப்படி வழிகாட்டிதான் முதலில் இறங்கினார். காலடியில் 'உம்ம்' என்று ஓர் அமுங்கிய சத்தம். அடியடுக்கு நொறுங்கும் சத்தம் அது. எனக்கும் கேட்டது. திரும்பி வரச் சொல்லிக் கத்தியிருக்கலாம்; தென்னாட்டுக்காரன் பயந்துவிட்டான் என்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நொடி அவருக்கு மேலே கோடு போட்டதுபோல் விரிசல் ஓடியது. சரிவு ஓடு ஓடாகப் பெயர்ந்து இறங்கி நின்றபோது அவரைக் காணோம்.

எல்லோரிடமும், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் தேடுகருவி இருந்தது. என் கருவியை வைத்த பையிலேயே செல்போனையும் போட்டிருந்தேன். போனைப் பக்கத்தில் வைத்தால் கருவி குழம்பும் என்பது வகுப்பில் சொன்ன முதல் பாடம். என் கருவியின் அம்பு கண்டபடி சுற்றியது. உடன் வந்த நண்பரின் கருவிதான் இடம் காட்டியது. தலை ஒன்றரை அடி ஆழத்தில். நின்றுபோன பனி சிமெண்டாக இறுகிவிடும். மண்வெட்டி இல்லாமல் தோண்ட முடியாது. பத்து நிமிடத்துக்குள் முகம் வெளியே வந்தது. அரை மணி ஆகியிருந்தால் பிழைக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருக்கும்.

உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு இருந்தது. வலது முழங்கால் திரும்பிப்போயிருந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்துக்கொண்டு, "நீங்க எல்லாரும் நல்லா இருக்கீங்களா, சாப்?" என்று இந்தியில் கேட்டார்.

அந்தப் பருவம் முழுக்க அவர் மலையேறவில்லை. நான் மறுநாள் விமானத்தைப் பிடித்துவிட்டேன்.