தேக்கிய வெயில்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரிமழையைச் சுண்ணாம்புக்கல் தேக்கி வைப்பதனாலேயே கோடையிலுங் கிணறு ஊறுகின்றது. தேக்கி வாழ்தல் இம்மண்ணுக்குப் புதிதன்று.

1990இல் குடாநாட்டின் மின்சாரம் அற்றபோது, கொக்குவிலில் ஆசிரியை ஒருவர் ஜாம் போத்தல் விளக்கொளியில் விடைத்தாள் திருத்தினார். வானொலிச் செய்தி கேட்க மகன் சைக்கிள் டைனமோவைச் சுழற்றினான். புலம்பெயர்ந்த அம்மகன் அனுப்பிய பணத்திற் பின்னாளிற் கூரைமேற் சூரியத் தகடுகள் ஏறின. 2016இல் தொடங்கிய ‘சூரிய பல சங்கிராமய’ திட்டத்தில் மிஞ்சும் அலகுகளுக்கு விலை கிடைத்தது. ஆதலின் மின்கலம் பற்றி எவருஞ் சிந்தித்திலர்.

2022 மார்ச் 31ஆம் நாள் 13 மணிநேர மின்வெட்டு அமுலாயிற்று. கூரையில் உச்சிவெயில் எரிந்தது. வீட்டினுள் மின்விசிறி அசையவில்லை. பழுது யாதுமில்லை. பொது மின்னிணைப்பு நின்றதும், கம்பி திருத்துவோரின் உயிர் காக்கும்பொருட்டு, இன்வேர்ட்டரும் தானே நின்றுவிடும்.

தொலைபேசியில் மகன் மேலுஞ் சில தகடுகள் பொருத்தலாமா என வினவினான்.

“வேண்டாம் தம்பி. வெயில் காணும். பிடிச்சு வைக்க ஒரு பற்றறி போதும்.”

மின்கலம் விலை மிக்கது. வெப்பத்தில் அதன் ஆயுளுங் குறையும். எனினும் போத்தலில் எண்ணெயை அளந்து எரித்தவருக்கு அக்கணக்கு விளங்காததன்று. வெயிலுங் கிணற்றுநீர் போன்றதே. தேக்கினார்க்கே இரவில் உதவும்.