முறை தெரியும்... பேரு?

உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்கு அம்மா பெயர் என்ன? வீட்டுக்குப் போன் போடாமல் சொல்லுங்கள் பார்க்கலாம். ஆபீஸில் பதினோரு பேரிடம் கேட்டேன். பத்துப் பேர் விழித்தார்கள். பதினோராவது ஆசாமி, "எதுக்கு சார், லோனுக்கா?" என்றார்.

வம்சாவளி எழுதும் ஆசை எனக்கு. அதற்கென்று கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேர் இருக்கிறது. வெள்ளைக்காரன் அளவுக்குத் தைத்த சட்டை! முதல் கட்டத்திலேயே 'குடும்பப் பெயர்' கேட்கிறது. நமக்கு ஏது? போகட்டும். எங்கள் தாத்தா கட்டியது சொந்த அக்கா மகளை. ஆக, அக்காவே மாமியார். என் அப்பாவுக்கு அந்தம்மா அத்தையா, அம்மாயியா? ரெண்டும்தான். கோடு போட்டால் கிளை திரும்பி வந்து மரத்தையே சுற்றுகிறது.

சரியென்று பரணில் ஏறி மொய் நோட்டை எடுத்தேன். மதுரைப் பக்கம் குடும்ப சரித்திரம் என்றால் அதுதான். அப்பா கல்யாணம், 1977. அஞ்சு ரூபாய் வைத்தவருக்குக்கூட ஊர், பேர், தகப்பனார் பேர் எல்லாம் உண்டு. யார் பங்காளி, யார் மாமன் மச்சான், யாரோடு பேச்சு வார்த்தை இல்லை, அத்தனையும் தெரிகிறது. பெண்கள் பேர் மட்டும் தேடினாலும் இல்லை. நிலப் பத்திரங்களிலும் அதே கதை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்று தமிழ்நாட்டில் சட்டம் வந்ததே 1989-ல்தானே!

லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர், நம் உறவுமுறைகளைப் பட்டியல் போட்டு, 'செவ்விந்தியர் முறை மாதிரியே இருக்கிறதே' என்று வியந்து 1871-ல் பெரிய புத்தகமே போட்டார். நமக்கு முறைக்குப் பஞ்சமில்லை. முறை இருப்பதால்தானோ என்னவோ, பேரைத் தொலைத்துவிட்டோம்.

மிச்சம் இருப்பது அப்பத்தா. வயது 88. செல்போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"ஒன் மாமியா பேரென்ன அப்பத்தா?"

"மேலூர்க்காரி."

"அது ஊரு. பேரு?"

"மாமியா பேரை யாராச்சும் சொல்லுவாகளா? போடா!"

"சரி, ஒங்க அம்மாவைப் பெத்தவ பேரைச் சொல்லு."

ரெண்டும் ஒரே ஆள்தான். அப்பத்தாவுக்குப் புரிந்துவிட்டது. "களவாணிப் பயலே" என்று சிரித்தாள். "எம் பேருதான்டா."

"பாப்பாவா?" ரேஷன் கார்டு முதல் ஓட்டு கார்டு வரை அவள் பேர் அதுதான்.

"பாப்பாவுமில்ல, பீப்பாவுமில்ல. அம்மாயி பேரைத்தான் எனக்கு வச்சாக. அதே வீட்டுக்கு மருமகளா வந்தேன். மாமியா பேரைச் சொல்லி மருமகளை ஏச முடியுமா? பாப்பான்னு ஆக்கிப்பிட்டாக."

அப்புறம், வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டு, சொன்னாள். எங்கள் குலசாமியின் பேர். அந்தப் பேரைச் சொல்லி அவளை யாரும் கூப்பிட்டு எழுபது வருஷமாயிற்றாம். நோட்டில் காலியாகக் கிடந்த ரெண்டு கட்டத்திலும் அதை எழுதினேன்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"வாசி."

வாசித்தேன். காதில் விழவில்லையோ என்னவோ, கிட்டே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னொருக்க வாசி."