கேமரன் மலையும் கிழட்டு லாண்ட் றோவர்களும்

மலாயா என்ற பெயர் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுக்கு அந்நியமானதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி அங்கு சென்று, புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் உத்தியோகம் பார்த்துப் பென்சனோடு மீண்டவர்கள் பலர். ஈப்போவையும் தைப்பிங்கையும் அவர்கள் சொந்த ஊர் போல வருணித்ததாக நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எனினும் அக்கதைகளிற் கேமரன் மலை அதிகம் வந்ததில்லை. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் கண்டு குறித்த அந்த மேட்டு நிலத்துக்கு மோட்டார் ஏறும் பாதை அமைந்தது 1930ஐ ஒட்டியே ஆகும். சென்ற ஆண்டு விடுமுறையில் நாம் அங்கு ஒரு வாரம் தங்கினோம். தேயிலைத் தோட்டங்களைக் காணவே சென்றோமாயினும் நம் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று.

அடிவாரப் பட்டினமாகிய தாப்பாவிலிருந்து தானா ராத்தா என்னும் ஊர் ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தூரம். றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறியவர்களுக்கு இப்பாதையின் வளைவுகள் புதுமையாகத் தோன்றா. உயரம் நுவரெலியாவிலும் குறைவு. ஏறத்தாழ 1,440 மீற்றர். 1929இல் றசல் என்பவர் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டம் மலைச்சரிவெங்கும் பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடக்கின்றது. நம் மலைநாட்டைப் போலவே அங்கும் காட்டை வெட்டிக் கன்று நட்ட கைகளிற் பல தமிழ்க் கைகளே. தேயிலையைத் தாண்டினால் கோவா, தக்காளி, சலாது, செவ்வந்திப்பூத் தோட்டங்கள். அவற்றுட் பல, நின்றால் வழுக்கும் சரிவுகளில் அமைந்தவை.

அச்சரிவுகளில் ஊர்கின்றன நாம் சொல்ல வந்த வாகனங்கள். கதவில்லாதவை, கண்ணாடியில்லாதவை, கையாற் பூசிய வர்ணம் உரிந்து போனவை. கோவாக் கூடைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு சேற்றிலிருந்து முக்கி முனகி வெளிவருகின்றன. லாண்ட் றோவர் 1948 ஏப்ரலில் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியில் முதன்முதலாக உலகுக்குக் காட்டப்பட்டது. போருக்குப் பின் இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு நிலவியமையால் அதன் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டினாற் செய்தனர். எனவே உடல் துருப்பிடிப்பதில்லை. பிரயாணிகள் படம் பிடிப்பதும் அந்த உடலையே. ஆனால் உடலுக்குக் கீழுள்ளவை இரும்பு. இவ்வாகனம் இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதை நிச்சயிப்பவை முன் அச்சின் இரு முனைகளிலுமுள்ள மூட்டுக்களே.

மாணவர்களின் பொருட்டு அதனைச் சற்று விரித்துரைப்போம். பின் சில்லு மட்டும் இழுக்கும் மோட்டார் வண்டியில் முன் சில்லு திரும்பினாற் போதும். நாற்சில்லும் இழுக்கும் வண்டியிலோ முன் சில்லு திரும்பவும் வேண்டும். திரும்பியபடியே யந்திரத்தின் வலுவை வாங்கிச் சுழலவும் வேண்டும். இதற்காக அச்சின் முனையிற் குரோமியம் பூசிய இரும்பு உருண்டை ஒன்று இருக்கின்றது. அதனைத் தொப்பிபோற் கவிந்திருக்கும் கூடு, மேலொன்று கீழொன்றாக இரண்டு முளைகளிற் சுழல்கின்றது. பிற்கால வகைகளில் மேல் முளை நாரிழையால் ஆன ஒரு குழற்புதையிலும், கீழ் முளை கூம்புருளைப் பெயரிங்கிலும் அமர்ந்திருக்கும். உருண்டையினுள்ளே வலுவைக் கடத்துவது யுனிவர்சல் ஜொயின்ற். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த றொபேட் ஹூக் என்ற விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் சிலுவை மூட்டு அதுவே. அதற்கொரு குணம் உண்டு. சில்லுத் திரும்பியிருக்கும்போது, ஒரு சுற்றுக்கு இருமுறை வேகம் கூடிக் குறையும். சேற்றில் அது தெரியாது. கெட்டியான தார் றோட்டில் நாற்சில்லு இழுப்பைப் போட்டு ஓடினால் சுக்கானைப் பிடித்த கை அதனை உணரும். அன்றியும் இவ்வாகனத்தில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே வேக வித்தியாசத்தை ஈடுசெய்யும் பல்லிணை கிடையாது. அதனாற்றான் தார் றோட்டுக்கு வந்ததும் நாற்சில்லு இழுப்பை விடுவிக்கவேண்டும் என்பது விதி. அவசரத்தில் அவ்விதியை மறப்பவர் பலர். அதற்குரிய தண்டனையை மூட்டுக்கள் அநுபவிக்கின்றன.

தேய்மானம் மூன்று வழியாகத் தன்னை வெளிப்படுத்தும். சுக்கானை முற்றாகத் திருப்பி வலுவைக் கொடுக்கும்போது 'கடக், கடக்' என்ற ஓசை எழுந்தாற் சிலுவை மூட்டு தேய்ந்தது. பள்ளத்தில் விழுந்தெழுந்ததும் முன் சில்லுகள் இரண்டும் பேய் பிடித்தாற்போல் நடுங்கினால் முளைகளோ சுக்கான் கம்பிகளின் முனைகளோ தேய்ந்தன. உருண்டையிலிருந்து எண்ணெய் வழிந்தால் அதன் பூச்சிற் குழி விழுந்து ஒயில் சீலைக் கிழித்துவிட்டது. சேறும் உரமும் படும் தோட்டங்களில் இம்மூன்றாவதே முதலில் வருவது. எண்ணெய் வற்றினால் மற்றவையும் பின்தொடரும். எண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டிக் கிறீசை அடைத்து ஒழுக்கை மறைப்பவரும் உளர். மேல் முளைக்குக் கீழிருந்து தெறிக்கும் எண்ணெயே ஆதாரம். கிறீஸ் அவ்வளவு உயரம் ஏறாது. இதனை நாம் வைத்தியம் என்று ஒப்பமாட்டோம்.

பிறின்சாங் என்னும் ஊருக்கு அப்பால் தகரக் கூரையிட்ட ஒரு கராஜில் இவற்றையெல்லாம் நேரிற் பார்க்க வாய்த்தது. அதன் சொந்தக்காரர் அறுபதைக் கடந்த தமிழர். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பத்தின் மூன்றாந் தலைமுறை. நம் பேச்சைக் கேட்டதும், "ஐயா சிலோனா?" என்றார். பிறகு ஒரு பலகையைத் துடைத்து அமரச் செய்து, தம் வேலையைத் தொடர்ந்தார். ஓர் இளைஞர் தக்காளி ஏற்றும் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். கிழவர் முன் சில்லை ஜக்கினால் உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தார். ஆட்டம் இருந்தது. இளைஞரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி அசைத்தார். அப்போதும் ஆட்டம் இருந்தது. பிறேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றிருந்தாற் பழுது சில்லின் பெயரிங்கில். நில்லாமையாற் பழுது முளையில் என்று நமக்கு விளக்கினார்.

"அண்ணே, ஒரு தகடு எடுத்துட்டு இறுக்கிவிட்டாப் போதுமே. தக்காளி இன்னைக்கே எறங்கணும்," என்றார் இளைஞர்.

அவர் குறிப்பிட்டது மேல் முளையின் கீழ் வைக்கும் மெல்லிய தகடுகளை. 'ஷிம்' என்பது தொழிற்பெயர். தேயத் தேய ஒவ்வொன்றாக எடுத்தால் முளை இறங்கி மூட்டு இறுகும். தேய்மானம் வரும் என்று செய்தவனே எதிர்பார்த்து வைத்த ஏற்பாடு அது. அந்த முன்யோசனையை நாம் மெச்சாதிருக்க முடியவில்லை. ஆனால் அதற்கும் எல்லை உண்டு.

"தம்பி, போன வருஷம் ஒண்ணு எடுத்தோம். தீபாவளிக்கு முன்னாடி ஒண்ணு எடுத்தோம். இனி எடுக்கத் தகடு எங்க இருக்கு? பாரத்தோட அந்தச் சரிவுல சில்லு நடுங்கினா, நீ எந்தப் பக்கம் விழுவே?"

இளைஞர் பதில் சொல்லவில்லை. அச்சரிவை நாமும் பார்த்திருந்தோம். ஒரு பக்கம் மண்மேடு. மறுபக்கம் ஆற்றுக்கு இறங்கும் பள்ளம். அன்றைய தக்காளியை அயல் தோட்டத்தாரின் லொறியிற் கூலிக்கு ஏற்றி அனுப்பினார். அந்த வார இலாபத்தின் பெரும்பகுதி அதிலேயே போயிற்று என்று பின்னர் அறிந்தோம்.

வேலை இரண்டு நாள் பிடித்தது. நாமும் இரண்டு நாளும் போய்ப் பார்த்தோம். வீட்டாருக்கு அதிற் சிறிது மனத்தாங்கல்தான். புதிய குழற்புதையும் கீழ்ப் பெயரிங்கும் அலுமாரியில் இருந்தன. குழி விழுந்த உருண்டைக்குப் பதிலாக, கராஜின் பின்புறம் புல் முளைத்துக் கிடந்த ஒரு செத்த வண்டியிலிருந்து நல்லதொன்றைக் கழற்றினார். சுக்கான் கம்பிகளுக்கு முனைகள் ஆறு. ஆறையும் ஒவ்வொன்றாகப் பிடித்து அசைத்துப் பார்த்து, இரண்டை மாற்றினார். கடைசியில் மீன்கடையிற் காணும் சுருள்வில் தராசு ஒன்றை எடுத்து, திருப்புகைக்கு அதன் கொக்கியை மாட்டி மெல்ல இழுத்தார். கூடு எத்தனை இறாத்தல் இழுப்பிற் திரும்பத் தொடங்குகிறது என்பதே கணக்கு. மிகையாக இறுகினால் வளைவு கடந்தபின் சுக்கான் தானாக நேருக்குத் திரும்பாது. கொண்டையூசி வளைவுகளில் அதுவும் அபாயமே. முள்ளைப் பார்த்துத் தலையசைத்தார். கூட்டைத் திறந்து, எடுத்த தகடுகளில் ஒன்றைத் திரும்ப வைத்தார். மறுபடி இழுத்தார்.

இளைஞர் ஏறி அமர்ந்து சுக்கானைத் திருப்பிப் பார்த்தார். "என்ன அண்ணே, கனமா இருக்கே?"

"லேசா இருந்தப்பதான் நான் பயந்தேன்," என்றார் கிழவர், மிகுந்த தகடுகளைப் பழைய பால்மாத் தகரமொன்றிற் போட்டு மூடியபடி. மறுநாட் காலை நாம் தாப்பாவுக்கு இறங்குகையில், அவ்வண்டி தக்காளிப் பெட்டிகளோடு நமக்கு முன்னே போய்க்கொண்டிருந்தது. முந்திச் செல்ல இடமில்லாமையால் நெடுந்தூரம் அதன் பின்னாலேயே மெல்லச் சென்றோம்.