ஊசியும் சுருதியும்

முத்துசுவாமி தீட்சிதர் கீர்த்தனை விளம்ப காலத்தில் நடப்பது. திருத்தணி மலையில் முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டதும் மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி’ பிறந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அத்தனை நிதானமான இசையை வீட்டில் உட்கார்ந்து கேட்க இசைத்தட்டு உகந்ததா, டிஜிட்டலா என்று பார்த்தால் முதலில் எழுவது நேரக் கணக்கு. 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் அடங்கியது 3 நிமிடம் சொச்சம். பல்லவி, அனுபல்லவி, சரணம் எல்லாம் அதற்குள் முடிந்தாக வேண்டும். வித்வான்கள் காலத்தைக் கூட்டினார்கள், சங்கதிகளைக் குறைத்தார்கள். 1948இல் அமெரிக்காவில் வெளிவந்த எல்.பி. தட்டு ஒரு பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் இடம் தந்தது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் 1963இல் வீடுகளுக்கு வர வழிவிட்டது அந்த நீளம்தான். டிஜிட்டலில் இந்த வரம்பே கிடையாது.

அடுத்தது ஒலி. எல்.பி.யின் விளிம்பில் ஊசிக்கடியே நொடிக்குச் சுமார் 50 செ.மீ. பள்ளம் ஓடுகிறது, மையத்தை நெருங்கும்போது 20 செ.மீ. சொச்சம்தான். அதனால் பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’, ‘ஷ’ எழுத்துகள் கரகரக்கும். போதாக்குறைக்கு வெயில். கோடையில் திருத்தணி 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் ஊர். சன்னலோரம் சாய்த்து வைத்த தட்டு நெளிந்துவிடும். நெளிந்த தட்டில் தம்புராவைக் கேட்டால், சட்ஜம் ஓரிடத்தில் நிற்காமல் ஏறக்குறைய 2 நொடிக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும். சினிமாப் பாட்டில் இது காதுக்குத் தப்பலாம், தம்புராவில் தப்பாது.

1982இல் வந்த குறுந்தகடு ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து பதிகிறது. மனிதக் காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதில் அடங்கிவிடும். தம்புரா அசையாமல் நிற்கும்; இரண்டு சங்கதிகளுக்கு இடையிலுள்ள மௌனமும் மாசின்றிக் கேட்கும். கர்நாடக இசைக்கு இதைவிடப் பெரிய நன்மை வேண்டியதில்லை. வினைல் தட்டின் கதகதப்பு என்று ரசிகர்கள் கொண்டாடுவதில் ஒரு பங்கு, தட்டும் ஊசியும் சேர்க்கும் மெல்லிய திரிபுதான்.

ஆனால் டிஜிட்டலுக்கு மாற்றியவர் கை தவறினால் கேட்பவருக்குத் தெரியாமலே போய்விடும். பழைய தட்டுகள் எல்லாம் சரியாக 78 சுற்றில் பதிவானவை அல்ல. மாற்றும்போது வேகம் 6 விழுக்காடு கூடினால் பாடகரின் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும், காலமும் ஓடும், குரலின் கனமும் மெலியும். அந்தக் குரலை அறியாதவர் அதையே அசல் என்று கேட்டுப் பழகுவார். மூலத்தட்டு பத்திரமாக இருந்தால், வேகத்தைச் சரிசெய்து மறுபடி பதிந்துகொள்ளலாம். டிஜிட்டல் பிரதி கைக்கு வந்தபின்னும் தட்டை உறையிலிட்டு, நிமிர்த்தி, வெயில் படாத அலமாரியில் வைக்க வேண்டியது அதற்காகத்தான்.