அரிசி தின்ற அம்மாவும் பெண்ணும்

"பச்சரிசி தின்னாதேடி, உன் கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டும்" என்று சின்ன வயதில் என் பாட்டி அதட்டுவாள். எனக்குக் கல்யாணமாகி 22 வருஷம் ஆகிவிட்டது. அந்தப் பயம் விட்டுப் போனதாலோ என்னவோ, 43 வயதில் நான் அரிசி தின்ன ஆரம்பித்தேன்.

முறத்தைப் போட்டுக்கொண்டு கல் பொறுக்க உட்கார்ந்தால் கை தானாக ஒரு பிடியை வாயில் போடும். முதலில் நாலு மணி, அப்புறம் ஒரு கைப்பிடி, கடைசியில் ஒரு டம்ளர். அடுக்களையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து டப்பாவைத் திறப்பேன். வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் விட முடியவில்லை.

அதோடு அசதி. எங்கள் வீடு திண்டுக்கல்லில் ஒரு மாடி வீடு. துணி காயப்போட மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்குவேன். காலையில் எழுந்திருக்கும்போதே, ராத்திரி முழுக்கத் தூங்காதவள் போலிருக்கும். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. வாயைத் திறந்தால் எரிச்சல், பிள்ளைகள் மேல் கத்தல்.

"எங்க காலத்துல உரல்ல மாவாட்டி, கெணத்துல தண்ணி எறைச்சு, அஞ்சு புள்ளையையும் வளத்தோம். உனக்கு மிக்ஸி, கிரைண்டர், கேஸ் எல்லாம் இருக்கு. அப்புறம் என்ன அசதி?" என்பார் என் மாமியார். எனக்குக் கோபம் வரவில்லை. நானும் என்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், 'நமக்குச் சோம்பேறித்தனம் வந்துவிட்டது' என்று.

2023 ஆடி மாதம் ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவ்வளவுதான் தெரியும். என் வீட்டுக்காரர் மளிகைக் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது வீடு முழுக்கப் புகை. பால் பொங்கி, வற்றி, பாத்திரம் கருகிக் கிடக்க, பக்கத்திலேயே நான் தூங்கிக்கொண்டிருக்கிறேன்! திட்டுவார் என்று பயந்தேன். அவர் என் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உள்ள இப்படி வெளுத்துக் கெடக்கு. மொதல்ல கெளம்பு, டாக்டர்கிட்ட போவோம்" என்றார்.

டாக்டரம்மா கேட்ட கேள்விகள் என்னைத் தூக்கிவாரிப் போட்டன.

"அரிசி, சாம்பல், சாக்பீஸ் இந்த மாதிரி ஏதாவது தின்னணும்னு தோணுதா?"

எனக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"மாசா மாசம் எத்தனை நாள் படுது?"

இதற்குப் பதில் சொல்ல இன்னும் கூச்சம். எட்டு நாள், ஒன்பது நாள். கட்டி கட்டியாக. ராத்திரி இரண்டு தடவை எழுந்து மாற்ற வேண்டும். இரண்டு வருஷமாக இப்படித்தான். நாற்பதைத் தாண்டினால் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு கட்டி, வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.2 இருந்தது. கர்ப்பமில்லாத பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டுமாம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் சின்னதாக ஒரு கட்டி தெரிந்தது. சாதாரணக் கட்டிதான், பயப்பட வேண்டாம் என்று சொல்லி, போக்கைக் குறைக்கத் தனி மருந்தும், ரத்தம் ஊற இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார். "ரத்தம் வெளியே போயிட்டே இருந்தா, உள்ளே எவ்வளவு ஊத்தியும் பிரயோஜனம் இல்லேம்மா. ஓட்டைக் குடத்தை மொதல்ல அடைக்கணும்" என்றார்.

சகோதரிகளே, இதற்குப் பிறகு நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். காலையில் காபி குடித்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொள்வேன். நாலு நாளில் வயிற்றைப் பிரட்டியது. மலம் கறுப்பாகப் போயிற்று. பயந்துபோய், யாரிடமும் கேட்காமல் நானே நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக பீட்ரூட் ஜூஸ் குடித்தேன். சிவப்பாக இருக்கிறதே, ரத்தம் ஊறாதா என்று!

ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் 7.4. டாக்டரம்மா கோபித்துக்கொள்ளாமல் உட்காரவைத்து விளக்கினார். மலம் கறுப்பது மாத்திரையின் குணம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். காபியும் டீயும் பாலும் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டால் நன்றாகச் சேரும். வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொள்ளலாம். அப்படியும் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மாத்திரை மாற்றித் தருவார்கள். நாமாக நிறுத்தக் கூடாது. பீட்ரூட்டில் நிறம்தான் அதிகம், இரும்பு கொஞ்சம்தான்.

அன்றிலிருந்து ஒழுங்காகப் போட்டுக்கொண்டேன். அந்தச் சமயத்தில்தான் வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. எனக்கு அரிசி ஆசை மெல்ல மெல்லக் குறைந்து, மூன்றாவது வாரம் நின்றே போய்விட்டது. ஆனால் டப்பாவில் அரிசி மட்டும் குறைந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் மத்தியானம் அடுக்களைக்குள் போனேன். என் பெண் டப்பாவுக்குள் கையை விட்டபடி நிற்கிறாள். பிளஸ் ஒன் படிக்கிற பெண். வாயில் அரிசி. என்னைப் பார்த்ததும் திருதிருவென்று விழித்தாள்.

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஆறு மாதமாக அந்தப் பெண்ணை என்னென்ன சொல்லியிருப்பேன்! "சாயங்காலம் வந்தா பையைத் தூக்கிப் போட்டுட்டுப் படுத்துக்கறா. சோம்பேறிக் கழுதை!" மாமியார் என்னைச் சொன்ன அதே வார்த்தை. புத்தகத்தின் மேல் தூங்கினாள் என்று ஒருநாள் முதுகில் ஓர் அறைகூட வைத்தேன்.

மறுநாளே அழைத்துப் போனேன். அவளுக்கு 8.9.

"பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு மாத்திரை கொடுப்பாங்களே, போடறதில்லையா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"வயித்தைப் பிரட்டுதுன்னு நாங்கல்லாம் ஜன்னல் வழியா எறிஞ்சிடுவோம்" என்றாள் என் பெண்.

"காலையில என்ன சாப்பிடறே?"

"டீ மட்டும்தான். நேரமாயிடும்."

"ராத்திரி?"

அவள் என்னைப் பார்த்தாள். "எல்லாரும் சாப்பிட்ட பிறகு அம்மாகூட உக்காந்து, இருக்கறதைச் சாப்பிடுவேன். பாதி நாள் மோர் சாதம், ஊறுகாய்தான். அம்மா தனியா சாப்பிடுவாங்களேன்னு..."

அந்த இடத்திலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழம்பில் கறியும் கீரையும் ஆண்களுக்கும் பெரியவர்களுக்கும் போக, அடியில் மிஞ்சியதை நான் சாப்பிட்டேன். அதைத் தியாகம் என்று நினைத்தேன். என் பெண்ணோ அதை ஒரு பாடமாகப் படித்துக்கொண்டிருக்கிறாள்!

ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து போதும், பெண்ணுக்கு 29 வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் கணக்குச் சொல்லியிருக்கிறது. அதிகம் வேண்டியவள்தான் கடைசியில் சாப்பிடுகிறாள். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை இருந்ததாம். அந்த 53-ல் எங்கள் வீட்டிலேயே இரண்டு பேர் இருந்திருப்போம்.

இப்போது எங்கள் வீட்டில் ராத்திரி எட்டரைக்கு எல்லோருக்கும் ஒன்றாகத் தட்டு வைத்துவிடுகிறோம். பரிமாறி முடித்து நான் நிற்பதில்லை. வேண்டியதை அவரவர் எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். முதல் இரண்டு நாள் மாமியார் முகத்தைச் சுளித்தார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையிலிருந்து சுவரொட்டி வாங்கிவரச் சொல்லி, மிளகு போட்டுத் தம் கையாலேயே வதக்கினார். அதை என் தட்டிலும் பேத்தி தட்டிலும் வைத்துவிட்டு, "எனக்கும் கடைசிப் புள்ளை பெத்தப்போ மண்ணு வாசனை அடிச்சா நாக்கு ஊறும். யாருகிட்ட சொல்றது?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை.

வாரம் மூன்று நாள் முருங்கைக்கீரை அல்லது வேறு கீரை, கூடவே எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ. கேழ்வரகையும் பயறையும் முளைகட்டிப் பயன்படுத்துகிறேன். காபியை விடவில்லை. சாப்பாட்டோடு சேர்க்காமல் தள்ளிக் குடிக்கிறேன். ஆனால் இந்த அளவுக்கு இறங்கிய ரத்தம் கீரையால் மட்டும் ஏறாது, மாத்திரைதான் ஏற்றியது. எனக்கு 12.1 வர நாலரை மாதம் ஆயிற்று. உடம்பில் இருப்புச் சேர வேண்டுமென்று அதற்கு மேலும் மூன்று மாதம் போட்டேன். பெண்ணுக்கும் 12-ஐத் தாண்டிவிட்டது.

ஒரு வார்த்தை. எல்லா ரத்தசோகையும் இரும்புச்சத்துக் குறைவால் வருவதல்ல. பரிசோதிக்காமல் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மாத்திரையைக் கைக்கு எட்டாமல் வையுங்கள். மிட்டாய் என்று தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அசதியாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துப் பாருங்கள். போக்கு அதிகமாக இருந்தால் கூச்சப்படாமல் வாயைத் திறந்து சொல்லுங்கள்.

போன வாரம் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அம்மா, நாம ரெண்டு பேரும் தின்ன அரிசிக்கு என் கல்யாணத்தன்னிக்கு வெள்ளமே வரும்போல" என்றாள்.

"வரட்டும்டி. மண்டபம் மேட்டுல பாத்துக்கலாம்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். முறத்திலிருந்த அரிசி அப்படியே இருந்தது.